ஆண்டிறுதி விடுமுறை: முகாமா, பராமரிப்பு மையமா, பாட்டி வீடா?

கோடை விடுமுறை என்றால் தமிழ்நாட்டில் ஏப்ரலும் மேயும். பினாங்கில் வாழும் நமக்குக் கோடை என்று தனியாக ஒரு பருவம் இல்லை. ஆனால் வேலைக்குப் போகும் பெற்றோருக்கு உரிய அந்தக் கவலை இங்கே ஆண்டுக்கு இரண்டு முறை வருகிறது. மே மாத இறுதியில் ஏறக்குறைய இரண்டு வாரமும், டிசம்பரில் ஏறக்குறைய நான்கு வாரமும் பள்ளிகள் மூடிக் கிடக்கின்றன. பெருந்தொற்றுக்குப் பின் சில ஆண்டுகள் மார்ச்சுக்கு நகர்ந்திருந்த பள்ளி ஆண்டின் தொடக்கம் 2026இல் மீண்டும் ஜனவரிக்குத் திரும்பியதால், நீண்ட விடுமுறையும் பழையபடி ஆண்டின் கடைசி மாதத்தில் வந்து அமர்ந்துவிட்டது. பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம். பெற்றோருக்கு அது முதலில் ஒரு கணக்கு.

அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் எந்த முகாம் சிறந்தது என்று ஆராய்வதில் பயனில்லை. கிறிஸ்துமஸ் ஒரு நாளைக் கழித்துவிட்டால் டிசம்பர் விடுமுறையில் ஏறக்குறைய 18 வேலை நாட்கள் இருக்கின்றன. மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, இரண்டாண்டுக்குக் குறைவாகப் பணியாற்றியவருக்கு ஆண்டுக்கு 8 நாள், இரண்டாண்டு முடிந்து ஐந்தாண்டு நிறையாதவருக்கு 12 நாள், ஐந்தாண்டைக் கடந்தவருக்கு 16 நாள் சம்பளத்துடன் கூடிய விடுப்பு உண்டு. கணவனும் மனைவியும் ஆளுக்கு 12 நாள் வைத்திருக்கிறார்கள் என்றே கொள்வோம். மே விடுமுறைக்குச் சில நாள், தீபாவளிக்கு முன்னும் பின்னும் ஓரிரு நாள், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து அழைப்பு வரும் நாட்கள் ஆகியவற்றைக் கழித்தால், டிசம்பர் வரும்போது இருவரிடமும் சேர்த்து எட்டு நாள் மிஞ்சினாலே பெரிது. மீதிப் பத்து நாட்களுக்குப் பிள்ளைகள் யார் பொறுப்பில் இருப்பார்கள்? நாம் தேர்ந்தெடுக்க வேண்டியது அந்தப் பத்து நாட்களுக்கான ஏற்பாட்டைத்தான்.

எங்கள் வீட்டு நிலையைச் சொன்னால் இந்த ஒப்பீடு எந்த இடத்தில் நின்று செய்யப்படுகிறது என்பது விளங்கும். நாங்கள் கெலுகோரில் அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கிறோம். மகனுக்கு 11 வயது, மகளுக்கு 7 வயது. நான் ஜார்ஜ்டவுனில் அலுவலக வேலை பார்க்கிறேன். காலை எட்டரைக்கு இருக்கையில் இருக்க வேண்டும், மாலை ஐந்தரைக்கு முன் எழ முடியாது. என் கணவர் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் இருக்கிறார். 1972இல் அங்கே தடையற்ற வாணிப வட்டாரம் தொடங்கியது முதல் இந்தத் தீவின் எத்தனையோ குடும்பங்களின் நாள் அந்த ஷிப்டுக்கு ஏற்பத்தான் விடிகிறது. இரவு ஷிப்ட் வாரத்தில் அவர் பகலில் வீட்டில்தான் இருப்பார், ஆனால் உறங்கிக்கொண்டிருப்பார். வீட்டில் ஆள் இருப்பது வேறு, பிள்ளையைக் கவனிக்க ஆள் இருப்பது வேறு. தக்க மேற்பார்வை இல்லாமல் பிள்ளையை விட்டுச் செல்வதை 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தின் 33ஆம் பிரிவு குற்றமாகக் கொள்கிறது என்பதையும் பெற்றோர் நினைவில் வைக்க வேண்டும்.

ஆகவே எந்த ஏற்பாட்டைப் பற்றியும் நான் முதலில் கேட்பது, காலை எத்தனை மணிக்குக் கதவு திறக்கும், மாலை எத்தனை மணி வரை பொறுப்பான ஒருவர் பிள்ளையோடு இருப்பார் என்பதைத்தான். அங்கே என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பதை அதற்குப் பிறகுதான் கேட்கிறேன். இந்த வரிசையை நான் பட்டுத்தான் கற்றேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், மகன் மகளைவிட அடக்கமாக இருந்த காலத்தில், பேரங்காடி ஒன்றில் நடந்த ஐந்து நாள் முகாமில் அவனைச் சேர்த்தோம். விளம்பரத்தில் ‘முழுநாள்’ என்று போட்டிருந்தது. முழுநாள் என்றால் காலை பத்து முதல் மாலை நான்கு வரை என்பது கட்டணம் கட்டிய பிறகுதான் தெரிந்தது. நான்கு நாட்கள் ஒருவர் மாற்றி ஒருவர் அலுவலகத்தில் அனுமதி கேட்டு ஓடினோம். ஐந்தாம் நாள் சான்றிதழ் வழங்கிவிட்டு மூன்று மணிக்கே முகாமை முடித்துக்கொள்வதாகப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் பதினொன்றரைக்குச் செய்தி வந்திருக்கிறது. நான் கூட்டத்தில் இருந்ததால் அதைப் பார்த்தபோது மணி மூன்றே முக்கால். நான் போய்ச் சேர்ந்த நேரத்தில் அந்தக் கடையின் இரும்புக் கதவு பாதி இறக்கப்பட்டிருந்தது. பாதுகாவலரின் நாற்காலிக்குப் பக்கத்தில் தன் புத்தகப்பையின் மேலேயே உட்கார்ந்து, சுருட்டிய சான்றிதழை ஒரு கையிலும் தண்ணீர்ப் போத்தலின் வாரை மறு கையிலும் பிடித்தபடி, நகரும் படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அழவில்லை. ‘அந்த அண்ணன் போயிட்டாரும்மா, இந்த அங்கிள்தான் இருக்கச் சொன்னாரு’ என்றான். எட்டு வயதுப் பிள்ளையை முன்பின் தெரியாத ஒருவர் தம் நல்ல மனத்தால் பார்த்துக்கொண்டார். கட்டணம் வாங்கியவர்கள் பார்த்துக்கொள்ளவில்லை. இன்றும் அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

அந்த ஒரு நிகழ்வுக்காக எல்லா முகாம்களையும் ஒதுக்கிவிடுவது நியாயம் ஆகாது. முகாம் எதற்கு நல்லது, எதற்குப் போதாது என்பதைப் பிரித்துப் பார்த்தால் அதற்கென்று ஓர் இடம் இருக்கிறது. சென்ற ஆண்டு மகன் தன் விருப்பத்தின் பேரில் ரோபோட்டிக்ஸ் முகாமுக்குப் போனான். தரையில் உள்ள கருப்புக் கோட்டைப் பின்பற்றி ஓடும் சிறு வண்டி ஒன்றை ஐந்து நாளில் செய்து முடித்தான். வீட்டுக்கு வந்ததும் கருப்பு நாடாவை வாங்கி வரச்சொல்லி, கூடத்தின் தரையில் வளைவு வளைவாக ஒட்டி, வண்டி எந்த வளைவில் கோட்டை விட்டு விலகுகிறது என்று குப்புறப் படுத்துக்கொண்டு பார்த்தான். வளைவைச் சற்று அகலமாக்கி ஒட்டியபோது வண்டி விலகாமல் திரும்பியது; வேகம் கூடினால் உணரிக்கு நேரம் போதவில்லை என்று எனக்கு விளக்கினான். இப்படி ஒன்றை நான் அவனுக்குக் கற்றுக்கொடுத்திருக்க முடியாது. பத்து வயதைக் கடந்த, தனக்கு என்ன வேண்டும் என்று சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு ஒரு வாரத் திறன் முகாம் நல்ல செலவு. ஏழு வயது மகளை அதே இடத்தில் கைவேலைப் பிரிவில் சேர்த்திருந்தோம். அவள் இரண்டாம் நாளே களைத்துப்போய், மூன்றாம் நாள் போக மறுத்தாள்.

செலவையும் மணிக்கணக்கில் பார்ப்பது நல்லது. அந்த முகாமுக்கு ஒரு பிள்ளைக்கு 450 ரிங்கிட் கட்டினோம். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம், ஐந்து நாளைக்கு முப்பது மணி நேரம். மணிக்கு 15 ரிங்கிட் ஆகிறது. இரண்டு பிள்ளைகளுக்கு 900 ரிங்கிட் என்பது, இன்று நாட்டில் குறைந்தபட்ச மாத ஊதியமாக இருக்கும் 1,700 ரிங்கிட்டில் பாதிக்கும் மேல். அவ்வளவு கொடுத்த பிறகும் காலை எட்டு முதல் பத்து வரையும் மாலை நான்கு முதல் ஆறு வரையும் இன்னோர் ஏற்பாடு தேவைப்படுகிறது. அதாவது முகாம் பணம் கொடுத்து வாங்கும் கல்வி. பிள்ளைப் பராமரிப்பு அதற்குள் முழுமையாக அடங்குவதில்லை. இரண்டையும் ஒன்றென்று எண்ணி வாங்குகிறவர்கள்தான் மாலை நான்கு மணிக்குத் தவிக்கிறார்கள்.

நீச்சலை மட்டும் நான் தனியாக வைக்கிறேன். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, உலக அளவில் 5 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளின் இறப்புக்கு மூன்றாவது பெரிய காரணம் நீரில் மூழ்குதல். நான்கு பக்கமும் கடல் சூழ்ந்த தீவில் வாழ்ந்துகொண்டு நீந்தத் தெரியாமல் ஒரு பிள்ளை வளரக்கூடாது. ஆனால் நீச்சல் வகுப்பு ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். அது நாளை நிரப்பாது. அதை விடுமுறைத் திட்டத்தில் சேர்க்காமல், ஆண்டு முழுவதும் சனிக்கிழமைகளில் வைத்துக்கொள்வதே சரி.

அடுத்தது பராமரிப்பு மையம். பள்ளி நாட்களில் பிள்ளைகளை ஏற்றிவந்து சோறு போட்டுப் பாடம் எழுதவைக்கும் மையங்களில் சில, விடுமுறையிலும் காலை ஏழு முதல் மாலை ஆறரை வரை திறந்திருக்கின்றன. மகளைச் சேர்த்திருக்கும் மையத்தில் விடுமுறை நாளொன்றுக்கு 35 ரிங்கிட் வாங்குகிறார்கள். மணிக்கு ஏறக்குறைய மூன்று ரிங்கிட். அங்கே பெரிதாக எதுவும் கற்றுக்கொடுப்பதில்லை. வண்ணம் தீட்டுகிறார்கள், மதியம் பாய் விரித்துப் படுக்கவைக்கிறார்கள், நான்கு மணிக்கு மைலோவும் பிஸ்கட்டும் கொடுக்கிறார்கள். ஆனால் ஆண்டு முழுவதும் பார்த்துக்கொண்ட அதே அக்காதான் விடுமுறையிலும் பார்த்துக்கொள்கிறார். மகளுக்கு இறால் ஒத்துக்கொள்ளாது என்பதும், வெள்ளிக்கிழமை அவள் சைவம் என்பதும் அவருக்கு எழுதிக்கொடுக்காமலே தெரியும். ஏழு வயதுக்கு அந்தப் பழக்கம் எந்த முகாமின் பாடத்திட்டத்தையும் விட மதிப்பு உடையது என்பது என் கருத்து.

மையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அது பதிவு பெற்றதா என்று கேட்கத் தயங்கக்கூடாது. நான்கு பேர் அல்லது அதற்கு மேற்பட்டவர்களைப் பராமரிக்கும் மையம் 1993ஆம் ஆண்டுப் பராமரிப்பு மையங்கள் சட்டத்தின் கீழ்ச் சமூகநல இலாகாவில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழைச் சுவரில் பார்க்கலாம். பார்க்க முடியாவிட்டால் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். அதோடு, எந்த நேரத்தில் பெற்றோர் சொல்லாமல் வந்தாலும் உள்ளே விடுவார்களா, பிள்ளையை அழைத்துச் செல்ல வேறொருவர் வந்தால் எப்படி உறுதிசெய்வார்கள், வளர்ந்த ஒருவரும் ஒரு பிள்ளையும் மட்டும் தனித்திருக்கும் நிலை வராமல் எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பவற்றையும் நேராகக் கேட்பேன். முகாமாக இருந்தாலும் கோயிலாக இருந்தாலும் இதே கேள்விகளைத்தான் கேட்கிறேன். இவற்றுக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்கிறவர்களிடம் பாதி நம்பிக்கை அப்போதே வந்துவிடுகிறது.

பாட்டி வீட்டைப் பற்றி எழுதும்போது எனக்குக் கை சற்று மெதுவாகிறது. என் பெற்றோர் கெடா மாநிலத்தின் சுங்கை பட்டாணியில் இருக்கிறார்கள். அப்பா தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கெடாவில் வார ஓய்வு வெள்ளியும் சனியும் என்பதால் அங்குள்ள பள்ளிகளுக்கு நம்மைவிட ஒரு நாள் முன்னதாகவே விடுமுறை தொடங்கிவிடும். நாங்கள் போய் இறங்கும்போது அண்ணன் பிள்ளைகள் ஏற்கெனவே வாசலில் விளையாடிக்கொண்டிருப்பார்கள். டிசம்பரில் ரம்புத்தான் காய்த்தால் அப்பா நீண்ட மூங்கில் கம்பின் நுனியில் கொக்கி கட்டிக் கொடுப்பார். மகன் கொப்பை முறுக்கி இழுக்க, மகள் கீழே பழைய கைலியை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பாள். எறும்பு கடித்தாலும் கைலியை விடமாட்டாள். போன முறை வந்தபோது தேங்காய் துருவக் கற்றுக்கொண்டு வந்தாள். ஓட்டைக் கடைசி வரை சுரண்டக்கூடாது, சுரண்டினால் துருவல் கருத்துவிடும் என்று பாட்டி சொன்னதை எனக்கே பாடமாகச் சொன்னாள். வீட்டில் நாங்கள் தமிழில்தான் பேசுகிறோம் என்றாலும், அவ்வளவு தமிழை ஒரு வாரத்தில் எந்த வகுப்பும் அவள் வாயில் வைத்திருக்காது.

இதற்கெல்லாம் காசு கேட்பார் இல்லை. ஆனால் விலை உண்டு, அதைக் கொடுப்பவர் என் அம்மா. அவருக்கு வயது 68. சர்க்கரை நோய்க்கு மருந்து எடுக்கிறார். மதியம் ஒரு மணி நேரம் படுத்தால்தான் மாலை நிற்க முடியும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நாங்கள் நான்கு வாரமும் பிள்ளைகளை அங்கேயே விட்டுவிட்டோம். மூன்றாம் வாரம் அண்ணி தொலைபேசியில் அழைத்து, ‘அத்தை சொல்லமாட்டாங்க, நான் சொல்றேன், அவங்களுக்கு முடியல’ என்றார். அம்மா தூங்கும் நேரத்தில் பிள்ளைகள் கையில் கைத்தொலைபேசி இருந்திருக்கிறது. அது ஒரு மணியில் நிற்காமல் மூன்று மணி நேரம் ஆகியிருக்கிறது. கிளினிக்குக்குப் போக வேண்டிய நாளையும் பிள்ளைகளுக்காக அம்மா தள்ளிப்போட்டிருந்தார். பெற்ற தாய் முடியாது என்று சொல்லமாட்டார் என்பதை அறிந்தே நான் கேட்காமல் இருந்தேன் என்பதுதான் உண்மை.

அதன் பிறகு ஒழுங்கை மாற்றிக்கொண்டோம். ஒரே மூச்சில் ஏழு நாட்களுக்கு மேல் விடுவதில்லை. கிளினிக் தேதியைக் கேட்டுக்கொண்டுதான் நாளைக் குறிக்கிறோம். அரிசி, கோழி, பால்மாவு எல்லாம் நாங்களே வாங்கிக்கொண்டு போகிறோம். மதியச் சோற்றுக்கு அண்ணியின் வீட்டிலும் இரண்டு நாள் ஏற்பாடு செய்கிறோம். அந்த அளவுக்குள் வைத்தால் பாட்டி வீட்டுக்கு ஈடாக நான் எதையும் சொல்லமாட்டேன்.

கோயில்களும் தமிழ் அமைப்புகளும் நடத்தும் முகாம்களுக்கு டிசம்பரில் ஒரு தனிப் பொருத்தம் இருக்கிறது, ஏனென்றால் மாதத்தின் நடுவில் மார்கழி பிறந்துவிடுகிறது. விடியற்காலையில் திருவெம்பாவை, திருப்பாவை பாடப் பிள்ளைகளை அழைத்துப் போவது பள்ளி நாட்களில் முடியாத காரியம், விடுமுறையில் முடிகிறது. பாடி முடித்து வெண்பொங்கலை வாங்கிக்கொண்டு வெளியே வந்தால் பொழுது இன்னும் முழுமையாக விடிந்திருக்காது. மகனைப் பள்ளியில் விட்டுவிட்டு ஓட வேண்டிய அவசரம் இல்லாமல் நான் அவனோடு நடந்த சில நாட்களில் அவை அடங்கும். தேவாரம், நன்னெறிக் கதை, குழு விளையாட்டு என்று நடத்தப்படும் இந்த முகாம்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று நாட்களில் முடிந்துவிடும், கட்டணமும் சிறிது. குறை என்னவென்றால், தொண்டர்களின் வேலை நேரத்துக்கு ஏற்பத் தேதி முடிவாவதால் அறிவிப்பு கடைசி நேரத்தில்தான் வருகிறது. அதை நம்பி விடுப்பைத் திட்டமிட முடியாது. வந்தால் சேர்த்துக்கொள்ளும்படி இடம் விட்டு வைக்கலாம்.

விடுமுறை டியூஷனைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. ஆறாம் ஆண்டு மாணவர்களை வாட்டிய யூபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் நீக்கப்பட்டுவிட்டது. வாசிக்கத் தடுமாறும் பிள்ளைக்கு ஒரு நல்ல ஆசிரியரிடம் தினமும் ஒரு மணி நேரம் உதவும். மற்றவர்களை டிசம்பரிலும் பாடப்புத்தகத்துக்கு முன் உட்காரவைக்க நான் விரும்பவில்லை.

கடைசியாக நம் சொந்த விடுப்பு. அதைப் பெரும்பாலானவர்கள் ஒரே வாரத்தில் சேர்த்து எடுத்து எங்காவது பயணம் போய்விடுகிறார்கள். நாங்கள் அதைச் சில்லறையாகச் செலவழிக்கிறோம். வாரத்துக்கு ஒரு நாள் நான், இன்னொரு நாள் கணவர். அப்படி எடுத்தால் பிள்ளைகள் நான்கு நாட்களுக்கு மேல் தொடர்ந்து வெளியாரிடம் இருக்கத் தேவையில்லை. ஒரு நாளுக்குப் பினாங்கிலேயே போதுமான இடங்கள் இருக்கின்றன. 1884இல் அமைக்கப்பட்ட தாவரவியல் பூங்காவுக்கு 10ஆம் எண் பேருந்தில் போய்வரலாம். கொண்டுபோகும் சோற்றுப் பொட்டலத்தைக் குரங்குகளிடமிருந்து காப்பாற்றுவதே பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு. தெலுக் பஹாங்கில் தேசியப் பூங்காவுக்கும் பட்டாம்பூச்சிகள் நிறைந்த எண்டோப்பியாவுக்கும் 101ஆம் எண் பேருந்து போகிறது. மழை பிடித்துக்கொண்டால் ஜார்ஜ்டவுனின் கொம்தார் கோபுரத்தில் உள்ள டெக் டோம் அறிவியல் கூடம் இருக்கிறது.

விடுப்போடு இன்னொரு வழியும் இருக்கிறது, அதை நம் மக்கள் குறைவாகவே பயன்படுத்துகிறார்கள். 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தத்தின்படி, வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றித் தரும்படி ஊழியர் எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்து மூலம் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனாலும் டிசம்பருக்காகச் செப்டம்பரிலேயே கடிதம் கொடுப்பவருக்கும், டிசம்பர் முதல் தேதி மேலாளரின் மேசைக்கு முன் நிற்பவருக்கும் கிடைக்கும் பதில் ஒன்றாக இருக்காது. எனக்குச் சென்ற ஆண்டு இரண்டு வாரங்களுக்கு ஏழரை முதல் நாலரை வரை வேலை செய்ய அனுமதி கிடைத்தது. அந்த ஒரு மணி நேர மாற்றத்தால், முகாம் முடிந்து மகன் காத்திருக்க வேண்டிய நேரம் பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்கக்கூடிய அளவுக்குக் குறைந்தது.

இவற்றையெல்லாம் வைத்து வரும் டிசம்பருக்கு நாங்கள் போட்டிருக்கும் திட்டம் இதுதான். முதல் வாரம் மகன் முகாமுக்கு, மகள் பராமரிப்பு மையத்துக்கு. இரண்டாம் வாரம் இருவரும் சுங்கை பட்டாணிக்கு. அம்மாவின் கிளினிக் நாள் அதற்கு அடுத்த செவ்வாய் என்று கேட்டுக்கொண்டோம். மூன்றாம் வாரத்தில் ஆளுக்கு இரண்டு நாள் விடுப்பு. கோயில் முகாம் அறிவிக்கப்பட்டால் அதில் ஒரு நாள் மிச்சமாகும். கடைசி வாரத்தின் நான்கு நாட்களில் கணவருக்கு இரவு ஷிப்ட் வருகிறது. மகளுக்கு மையத்தில் இடம் சொல்லிவைத்துவிட்டோம். மகன் தனக்கு வயதாகிவிட்டது, அங்கே சின்னப் பிள்ளைகளோடு இருக்கமாட்டேன் என்கிறான். அப்பா தூங்கும்போது வீட்டில் அமைதியாக இருப்பதாக வாக்குக் கொடுக்கிறான். நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த நான்கு நாட்களுக்கு அவனோடு படிக்கும் நண்பனின் தாயாரிடம் பேசியிருக்கிறேன். இரண்டு நாள் அவர் வீட்டில் இருவரும், இரண்டு நாள் நான் விடுப்பெடுத்து எங்கள் வீட்டில் இருவரும். அவர் தம் கணவரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.